லாரியில் வந்து இறங்கிய வீடு: வாசகர் கேள்வி பதில்

நாங்கள் குடியிருப்பது தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து வைத்த வீடு என்று போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரைச் சுற்றியிருக்கும் நம் ஆட்கள் பலர் இந்த ஆயத்த வீடுகளுக்கு, அதாவது பிரீஃபேப் வீடுகளுக்கு, மாறிக்கொண்டிருப்பது கடிதங்களைப் படித்த பிறகுதான் தெரிந்தது. நான் என்ஜினீயர் இல்லை. பத்து வருடம் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை பார்த்தவள், வெருலம் பக்கத்தில் நான்கு வருடமாக இப்படி ஒரு வீட்டில் இருப்பவள். இரண்டிலும் தெரிந்துகொண்டதை வைத்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு அடுத்த மாதம் இரண்டு பாதியாக லாரியில் வருகிறது. இரும்புச் சட்டம், வெளியே ஃபைபர் சிமெண்ட் பலகை, உள்ளே ஜிப்சம் போர்டு. என் மாமியார் “மறுபடி தகர வீட்டுக்கா போகணும்?” என்று அழுகிறார். அவருக்கு நான் என்ன சொல்வது? (வாசகி, டோங்காட்)

முதலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வீட்டை நினைத்து அழுகிறார் என்று கேளுங்கள் அம்மா. என் மாமியாரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். அவர் பிறந்தது கேட்டோ மேனரில், மரச்சட்டத்தில் நெளித்தகடு அடித்த வீட்டில். மழை பெய்தால் உள்ளே ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காதாம், ஜூலை மாதக் குளிரில் காற்று புகாமல் இருக்க மைதா மாவுக் கஞ்சி காய்ச்சி உள்சுவரில் செய்தித்தாள் ஒட்டுவார்களாம். அப்புறம், இந்த இனத்தார் இங்கேதான் குடியிருக்கலாம் என்று பிரித்து 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் அந்த வீட்டையும் பிடுங்கிக்கொண்டு அவர்களைச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியது. செங்கல் வீடு என்பது அந்தத் தலைமுறைக்குக் கௌரவம் மட்டும் இல்லை, இனி யாரும் நம்மைத் தூக்கி வேறு இடத்தில் வைக்க முடியாது என்கிற தைரியம். லாரியில் வருகிற வீடு என்றதும் அந்தத் தைரியம்தான் ஆட்டம் காண்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் “இது நவீனத் தொழில்நுட்பம் அத்தை” என்று விளக்கிப் பிரயோசனம் இல்லை.

அவருக்குச் சொல்ல உண்மையான விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அந்தக் காலத்து மர வீட்டில் தகட்டுக்கும் ஆளுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. உங்கள் வீட்டில் வெளிப்பலகைக்கும் உள்பலகைக்கும் நடுவில் கண்ணாடி நார் மெத்தை இருக்கும், கூரைக்கு அடியிலும் இருக்கும், வெயிலும் மழைச் சத்தமும் அவ்வளவு எளிதில் உள்ளே வராது. சட்டம் துத்தநாகம் பூசிய எஃகு, கறையான் தின்னாது. ஃபைபர் சிமெண்ட் என்றதும் ஆஸ்பெஸ்டாஸ் என்று பயப்படுவார், இந்த நாட்டில் 2008இலேயே ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டார்கள், புதுப் பலகையில் அது இல்லை. முடிந்தால் ஏற்கனவே குடியேறிய ஒரு வீட்டுக்கு மழை நாளில் அவரைக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். என் மாமியார் அப்படித்தான் சம்மதித்தார்.

நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. இரும்புச் சட்ட வீடு என்றால் சான்ஸ் 517 என்கிற தேசியத் தரப்படி கட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இரும்புச் சட்டம் இல்லாமல் வேறு புதுமுறைச் சுவர் என்றால் அதற்கு அக்ரிமாங் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள், 1969இலிருந்து புதுக் கட்டுமான முறைகளைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு அது. காகிதத்தை வாயால் சொல்லக் கூடாது, கையில் கொடுக்க வேண்டும்.

டோங்காட் என்பதால் இன்னொன்று. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையை உங்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், உங்கள் ஊரின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே அடிபட்டு மாதக்கணக்கில் டேங்கர் தண்ணீருக்கு வரிசையில் நின்றீர்கள். நம் பக்கத்துச் சிவப்பு மணல் காய்ந்திருக்கும்போது கெட்டியாகத்தான் இருக்கும், தண்ணீர் ஓடத் தொடங்கினால் சர்க்கரை மாதிரி கரையும். வீடு தொழிற்சாலையில் எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்டிருந்தாலும் அது உட்காரப்போவது இந்த மண்ணில்தான். வீடு வருவதற்கு முன்பே மேட்டிலிருந்து வரும் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று பார்த்து, வீட்டைச் சுற்றி வெளிப்பக்கமாகச் சரிவு வைத்து, கூரைத் தண்ணீரை ஜோஜோ டேங்குக்கோ (பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) வாய்க்காலுக்கோ கொண்டுபோக ஏற்பாடு செய்துவிடுங்கள். வீடு வைத்த பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போட்டால் அப்புறம் மண்வெட்டி போட இடம் இருக்காது.

நாளை மறுநாள் சாவி தருகிறார்கள். அன்றைக்கே “ஹாப்பி லெட்டர்”, அதாவது வேலை திருப்தி என்கிற கடிதத்தில், கையெழுத்துப் போட்டால்தான் பேங்க் கடைசித் தவணையை விடுவிக்கும் என்கிறார்கள். போடலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்? (வாசகர், சாட்ஸ்வர்த்)

பார்க்காமல் போடாதீர்கள் தம்பி. நாங்கள் போட்டோம். சாமான் லாரி வாசலில் நிற்கிறது, பிள்ளைகள் பசியில் சிணுங்குகிறார்கள், கம்பெனி ஆள் பேனாவை நீட்டினார், என் வீட்டுக்காரர் வாங்கிப் போட்டுவிட்டார். மூன்றாவது வாரம் குளியலறைப் பக்கம் ஒரு வாடை. எலி செத்திருக்கும் என்று நினைத்து டார்ச்சை எடுத்துக்கொண்டு, தூண்கள் மேல் நிற்கும் எங்கள் வீட்டுக்கு அடியில் ஊர்ந்து போனேன். குளியலறைத் தண்ணீர் இறங்கும் குழாயும் வெளியே போகும் குழாயும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன, நடுவில் என் சுண்டுவிரல் போகும் அளவு இடைவெளி. இணைப்பதற்கென்று வைத்த ரப்பர் வளையம் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே தரையில் கிடந்தது. மூன்று வாரம் நாங்கள் ஐந்து பேர் குளித்த தண்ணீர் முழுவதும் ஒரு தூணின் அடியில் இறங்கியிருந்தது, மண் களி மாதிரி. அந்தத் தூண் பிறகு இறங்கியது, அதைத் தூக்கிச் சரிசெய்ய நாங்கள் பட்ட பாடு தனிக் கதை.

தொழிற்சாலைக்குள் செய்த வேலையில் பெரிய தப்பு அபூர்வம், அங்கே கூரைக்கு அடியில் மழை வெயில் படாமல் ஒரே ஆள் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார். தப்பு நடப்பது இடத்துக்கு வந்த பிறகு, அதுவும் சேர்க்கிற இடங்களில். பாதியும் பாதியும் சேரும் இடம், குழாயும் குழாயும் சேரும் இடம், வீடும் தரையும் சேரும் இடம். ஆகவே நேரம் குறைவாக இருந்தால் பெயிண்டையும் டைல்ஸையும் விட்டுவிட்டு இந்த மூன்றைப் பாருங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடம் திறந்துவிட்டு, ஒருவர் உள்ளே ஃபிளஷ் இழுத்துக்கொண்டிருக்க இன்னொருவர் டார்ச்சோடு அடியில் இருக்க வேண்டும். அடியில் இருக்கிறபோதே தூண்களுக்கும் வீட்டுச் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் போல்ட்டுகளைக் கையால் திருகிப் பாருங்கள், கையால் திரும்பினால் அது இறுக்கப்படவே இல்லை என்று அர்த்தம். அந்தப் போல்ட்டும் பட்டையும்தான் காற்றில் வீட்டைப் பிடித்துவைப்பவை. மேலே வந்து இரண்டு பாதி சேரும் கோட்டில் சீலிங்கையும் தரையையும் பாருங்கள், ரசமட்டம் இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்து விடுங்கள், தானாக ஒரே பக்கம் ஓடினால் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்து மூடுங்கள். குளியலறை, சமையலறை விசிறிகளைப் போட்டுவிட்டு வெளியே போய்க் காற்று வருகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள், சில இடங்களில் குழாயை வெளியே விடாமல் சீலிங்குக்கு மேலேயே விட்டுவிடுகிறார்கள், டர்பன் ஈரப்பதத்துக்கு அது ஆறு மாதத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

காகிதங்கள்: நகராட்சி அங்கீகரித்த பிளான், குடியேறும் சான்றிதழ், மின்சாரத்துக்கான சான்றிதழ், காஸ் அடுப்பு இணைப்பு இருந்தால் அதற்குத் தனிச் சான்றிதழ். 1977ஆம் ஆண்டுக் கட்டட விதிச் சட்டப்படி குடியேறும் சான்றிதழ் இல்லாமல் குடியேறுவதே குற்றம், “அது பின்னால் வரும்” என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பேங்க் கடன் என்றால் உங்கள் வீடு என்எச்பிஆர்சியில், அதாவது வீடு கட்டுபவர்களைப் பதிவுசெய்யும் தேசிய அமைப்பில், பதிவாகியிருக்க வேண்டும், 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாத வீட்டுக்கு பேங்க் கடன் கொடுக்கவே முடியாது. அந்தப் பதிவுதான் உங்களுக்குக் காவல். குடியேறிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் நீங்கள் எழுதிக்கொடுக்கும் சின்னச் சின்னக் குறைகளைக் கட்டியவர் சரிசெய்து தர வேண்டும், கூரை ஒழுகினால் 12 மாதம், அஸ்திவாரம், சுவர்ச் சட்டகம் மாதிரிப் பெரிய கட்டுமானக் குறைக்கு 5 வருடம். இதில் எல்லோரும் கோட்டைவிடுவது முதல் 3 மாதத்தை. போனில் சொன்னேன், வாட்ஸ்அப்பில் குரல் செய்தி போட்டேன் என்பதெல்லாம் கணக்கில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேதி போட்டு, படம் இணைத்து, ஈமெயிலில் அனுப்பி, பதிலையும் சேர்த்து வையுங்கள். நாளை மறுநாள் நீங்கள் கண்டுபிடிக்கும் குறைகளை எழுதி, “இவை நீங்கலாக” என்று அந்தக் கடிதத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் சாவியை மறுநாள் வாங்கிக்கொள்ளலாம், ஒன்றும் குடிமுழுகாது.

டெக்சாஸில் இருக்கும் என் அக்கா வாங்கியிருப்பதையும் “மேனுஃபேக்சர்டு ஹோம்” என்றுதான் சொல்கிறாள். அதன் அடியில் சக்கரம் இருந்ததாம். நாம் வாங்குவதும் அதுவும் ஒன்றா? (வாசகி, உம்லாங்கா)

இல்லை. அமெரிக்காவில் அந்தப் பெயருக்குச் சட்டப்படி ஒரு அர்த்தம் உண்டு. 1976 ஜூன் 15இலிருந்து ஹட் என்கிற மத்திய வீட்டுவசதித் துறையின் விதிப்படி, நிரந்தரமான எஃகு அடிச்சட்டத்தின் மேல் கட்டி, இழுத்துக்கொண்டு வரப்படும் வீடு அது, ஒவ்வொரு பகுதியின் வெளிப்புறத்திலும் சிவப்பு நிறச் சான்றுத் தகடு அடித்திருப்பார்கள். இங்கே அப்படித் தனி விதி கிடையாது. தொழிற்சாலையில் செய்தாலும் இடத்தில் கட்டினாலும் ஒரே தேசியக் கட்டட விதிதான், பிளான் அங்கீகாரமும் அப்படியே. அக்கா சொல்லும் அனுபவத்தில் அடிப்பக்கத்தைப் பார், மட்டத்தைப் பார் என்பதெல்லாம் நமக்கும் பொருந்தும், அவர் சொல்லும் சட்டவிதியும் காகிதமும் பொருந்தாது.

புது வீட்டுக்குள் போனாலே கண் எரிகிறது, இரண்டு வயதுக் குழந்தை இருமுகிறாள். என் அம்மா தினமும் சாம்பிராணி போட்டால் வாடை போய்விடும் என்கிறார். (வாசகி, பீனிக்ஸ்)

சாம்பிராணியை இப்போதைக்கு நிறுத்துங்கள் அம்மா. அது வாடையை மறைக்கும், காற்றை இன்னும் கெடுக்கும்.

அந்த எரிச்சல் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடாக இருக்கும், புது அலமாரி, சமையலறைப் பெட்டிகள், தரைப் பலகை இவற்றில் மரத்தூளைச் சேர்த்து ஒட்டும் பசையிலிருந்து வருகிற வாயு. செங்கல் வீட்டிலும் புது அலமாரி போட்டால் வரும். ஆனால் ஆயத்த வீட்டில் காற்று புகும் சந்து குறைவு, பலகை அதிகம், ஆகவே தேங்குகிறது. வெயிலும் ஈரமும் கூடக்கூட அதிகமாக வெளியே வரும், ஜனவரி மாத டர்பனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு அமெரிக்க அரசு மக்களுக்குக் கொடுத்த டிரெய்லர் வீடுகளில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இதே கண் எரிச்சலும் மூச்சுத் தொல்லையும் வந்து, சோதித்துப் பார்த்ததில் அளவு அதிகம் என்று 2008இல் அரசே ஒப்புக்கொண்டு ஆட்களை வெளியேற்றத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராம்.

நீங்கள் செய்ய வேண்டியது: குழந்தையை இரண்டு மூன்று வாரம் அம்மா வீட்டிலேயே தூங்க வையுங்கள், முடிந்தால். புது வீட்டில் எதிரெதிர் ஜன்னல்களைக் காலையிலும் மாலையிலும் திறந்து, ஒரு மேசை விசிறியை வெளியே பார்த்து வைத்து ஓட விடுங்கள். அலமாரிக் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்தே வையுங்கள், எல்லோரும் மறப்பது இதைத்தான். பெட்டிகளின் பின்பக்கமும் அடிப்பக்கமும் பூச்சு இல்லாமல் வெறும் பலகை தெரிந்தால் அந்த ஓரங்களை வார்னிஷ் அடித்து அடைத்துவிடுங்கள். அறையில் ஏசி இருந்தால் ஈரத்தை எடுக்கும் நிலையில் ஓட்டுங்கள். பொதுவாக முதல் சில மாதங்களில் நன்றாகக் குறைந்துவிடும். குழந்தையின் இருமல் நிற்காவிட்டால் டாக்டரிடம் போகும்போது “புது வீடு, புது மரச்சாமான்” என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு ஹோமம் வளர்க்கலாமா? மரத்தரை, உள்ளே புகை அலாரம் இருக்கிறது. பசு மாட்டுக்கு இடமே இல்லை. (வாசகர், ஸ்டாங்கர்)

தாராளமாக வளர்க்கலாம், வீட்டுக்குள் மட்டும் வேண்டாம். வராந்தாவிலோ வாசலில் பந்தல் போட்டோ ஹோமம் நடத்தி, தீபத்தையும் கும்பத்தையும் உள்ளே எடுத்துப் போகலாம், எங்களுக்கு ஐயர் அப்படித்தான் செய்துவைத்தார், ஒரு குறையும் சொல்லவில்லை. உள்ளேதான் வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால் இரண்டு வரிசை செங்கல் அடுக்கி, அதன் மேல் மணல் நிரப்பிய தட்டு வைத்து, அதற்கும் மேலே குண்டம். வெறும் தாம்பாளத்தை வினைல் தரையில் வைத்தால் அடியில் உருகிப்போகும், மேலே பார்த்தால் தெரியாது. சமையலறையில் பால் பொங்கும்போது காமாட்சி விளக்கைத் திரைச்சீலைக்குக் கீழே வைத்துவிடாதீர்கள். அலாரத்தைக் கழற்றாதீர்கள், கழற்றினால் திரும்ப மாட்ட யாருக்கும் ஞாபகம் இருக்காது, மர வீட்டில் தீ பரவ நேரம் எடுக்காது. புரட்டாசி நெருங்குவதால் தேதியைச் சீக்கிரம் பாருங்கள், இந்த ஊரில் அந்த மாதம் முழுக்க விரதம் என்பதால் விருந்தும் நடக்காது, ஐயரும் கிடைக்கமாட்டார்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. கிரைண்டரை எங்கே வைக்கப்போகிறீர்கள்? தூண் மேல் நிற்கும் மரத்தரையில் அறையின் நடுவில் வைத்தால் இட்லி மாவு அரைபடும்போது வீடே சேர்ந்து அதிரும். எங்கள் வீட்டில் கிரைண்டர் கல் சுற்றச் சுற்ற மெதுவாக நகர்ந்து சுவரோரம் போய் நின்றிருந்தது, அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன. தரைக்கு அடியில் கனமான உத்தரம் ஓடும் கோட்டுக்கு மேலே, சுவரோரமாக, தடித்த ரப்பர் மெத்தை போட்டு வைத்த பிறகுதான் அடங்கியது. அம்மிக்கல் இருந்தால் அதற்கும் அதே இடம், துணி துவைக்கும் மெஷினுக்கும்.

சாமி அலமாரி, டிவி இவற்றை ஜிப்சம் சுவரில் மாட்டலாமா? (வாசகி, ஐசிப்பிங்கோ)

பலகையில் மட்டும் திருகினால் ஒரு நாள் சாமியோடு கீழே வரும். உள்ளே இருக்கும் சட்டத்தில் திருக வேண்டும், அது 40 அல்லது 60 சென்டிமீட்டருக்கு ஒன்று நேராக நிற்கும். ஒரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டிச் சுவரில் உரசிக்கொண்டே போங்கள், சட்டத்தில் அடித்த திருகு இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். வீடு இன்னும் தொழிற்சாலையில்தான் இருக்கிறது என்றால் இப்போதே போன் செய்து, மாட்டப்போகும் இடத்தைச் சொல்லி உள்ளே ஒரு பலகை வைக்கச் சொல்லிவிடுங்கள். திருஷ்டிப் பூசணியைக் கூரை ஓரத் தகரத்தில் கட்டாதீர்கள், வளைந்துவிடும்.

மகனுக்குக் கல்யாணம். பின்பக்கம் ஒரு வெண்டி ஹவுஸ் (சின்ன ஆயத்த மர வீடு) வாங்கி வைத்துக் குடிவைக்கலாம் என்று நினைக்கிறோம். பிளான் தேவையில்லை என்று விற்பவர் சொல்கிறார். (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

மண்வெட்டியும் சைக்கிளும் வைக்கிற 10 சதுர மீட்டருக்குள்ளான கொட்டகைக்குச் சொல்லும் சலுகையை அவர் குடியிருக்கும் வீட்டுக்கும் சேர்த்துச் சொல்கிறார். மனிதர் குடியிருப்பது என்றால் பிளான் கொடுத்து அங்கீகாரம் வாங்கத்தான் வேண்டும். அதோடு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மரச்சுவர் என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், செங்கல் வீடு என்று நினைத்துப் போட்ட பாலிசியில் தீ விபத்துக்குப் பணம் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். மண்ணில் நேராக ஊன்றும் மரம் எச்4 என்று முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும், தரைக்கு மேலே வெளியில் இருப்பது எச்3. முத்திரை இல்லாத மரத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், உங்கள் ஊர்க் கறையான் இரண்டு மழைக்குள் கண்டுபிடித்துவிடும்.

குடிவந்து ஐந்து மாதம். படுக்கையறைக் கதவு இப்போது மூடவே மாட்டேன் என்கிறது, நிலையில் உரசுகிறது. தச்சரைக் கூப்பிட்டுச் சீவிவிடலாமா? (வாசகி, வெருலம்)

சீவாதீர்கள். என் கதவும் இப்படித்தான் ஆரம்பித்தது. கதவு வீங்கியிருந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி உரசும், வறண்ட காற்று வந்தால் தானாகச் சரியாகும். உங்களுடையது மேல் மூலையில் மட்டும் உரசுகிறது என்றால், அந்த அறைக்குக் கீழே இருக்கும் ஏதோ ஒரு தூண் இறங்கியிருக்கிறது. மழைநீர்க் குழாய் அந்தப் பக்கம்தான் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். விழும் இடத்தில் மண் குழியாகி இருக்கும். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் உள்ள சந்தை அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, பத்து நாள் கழித்து அதே இடத்தில் மறுபடி எடுங்கள். கூடிக்கொண்டே போனால் இது 3 மாதக் கணக்கு இல்லை, 5 வருடக் கணக்கு. இரண்டு படத்தையும் தேதியோடு கட்டியவருக்கு ஈமெயிலில் அனுப்பி, வந்து அடியில் பார்க்கச் சொல்லுங்கள். வரும் ஆள் கதவை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினால், கையில் டார்ச்சைக் கொடுத்து அடியில் இறங்கச் சொல்லுங்கள், நீங்களும் கூடவே இறங்குங்கள்.